யார் கூற்று? - உலகப் பாதுகாப்புக் கல்வி பற்றி ஒரு விமர்சனம்

சங்கப் பாடலொன்றைக் கையிலெடுக்கும் மாணவனுக்கு நாம் முதலிற் கற்பிப்பது, பாடலின் கீழே தரப்பட்டுள்ள சிறு குறிப்பை வாசிக்கும்படிதான். தலைவி கூற்றா, தோழி கூற்றா, செவிலி கூற்றா, கேட்போர் யார், எச்சந்தர்ப்பத்திற் கூறப்பட்டது என்பன தெரியாமற் பாடலின் பொருள் பிடிபடாது. தலைவியின் வாயில் ஏக்கமாக ஒலிக்கும் அதே சொல் செவிலியின் வாயிற் கண்டிப்பாக ஒலிக்கும். தொல்காப்பியர் காலந்தொட்டு நாம் கேட்டு வரும் இந்த எளிய கேள்வியை, இலக்கியத்துக்கு வெளியே உள்ள நூல்களிடம் நாம் கேட்பதேயில்லை. போரையும் அரசையும் பற்றி எழுதப்பட்ட நூல்கள் எவர் வாயிலிருந்தும் வாராது வானத்திலிருந்து இறங்கினவைபோல அவற்றைப் படிக்கின்றோம், குறிப்பெடுக்கின்றோம், தேர்வில் ஒப்புவிக்கின்றோம். இக்கட்டுரையிலே ஒரு கல்வித்துறையின் முதன்மை நூல்களை எடுத்துக்கொண்டு அவை யார் கூற்று என்று கேட்டுப் பார்க்க முனைகின்றோம்.

அத்துறை உலகப் பாதுகாப்பு. பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் உள்ள பல பல்கலைக்கழகங்கள் இதனை முதுமாணிப் படிப்பாக நடத்துகின்றன. நம்மிடம் உயர்தர வகுப்பிலே படித்து, பின்னர் அரசறிவியலிலோ வரலாற்றிலோ பட்டம் பெற்ற இளைஞர் சிலர் இன்று அங்கு செல்ல விண்ணப்பிக்கின்றனர். போர் நடந்த நாட்டிலே பிறந்தவர்கள் போரைப் பற்றிக் கற்க விரும்புவது இயல்பே. அதனை நாம் குறை கூற வரவில்லை. காணியை ஈடுவைத்தாவது பிள்ளையை அனுப்பும் பெற்றோர், அப்படிப்பால் என்ன உத்தியோகம் கிடைக்கும் என்று கேட்கின்றனர். அதுவும் நியாயமான கேள்வியே. ஆனால் அந்தப் பிள்ளை அங்கே எந்த மொழியைப் பேசப் பழகிக்கொண்டு திரும்பும் என்று கேட்பார் அரியர். ஆங்கிலத்தை நாம் குறிப்பிடவில்லை. ஆங்கிலத்துக்குள்ளே இன்னொரு மொழி உண்டு.

இத்துறைக்கு இரண்டு பிறப்புக் கதைகள் உள. ஒன்று பெருமையுடன் சொல்லப்படுவது. முதலாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1919 இல், வேல்ஸ் நாட்டின் அபெரிஸ்ட்வித்திலே சர்வதேச அரசியலுக்கென ஒரு பேராசிரியர் பதவி நிறுவப்பட்டது. டேவிட் டேவிஸ் என்ற செல்வர் நன்கொடை அளித்தார். இத்தகைய பேரழிவு மீண்டும் நிகழலாகாது என்ற நல்லெண்ணம் அதன் பின்னே இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. மற்றக் கதை அவ்வளவு உரத்துச் சொல்லப்படுவதில்லை. அமெரிக்காவின் கிளார்க் பல்கலைக்கழகத்திலே 1910 இல் ஓர் ஆய்வேடு தொடங்கப்பட்டது. அதன் பெயர் ‘இன வளர்ச்சி ஏடு’. ‘பின்தங்கிய’ இனங்களை எவ்வாறு ஆள்வது என்பது அதன் தலையாய விசாரம். 1919 இல் அவ்வேடு ‘சர்வதேச உறவுகள் ஏடு’ எனப் பெயர் மாற்றம் பெற்றது. 1922 இல், இன்றும் வெளிவருகின்ற ‘ஃபொரின் அஃபயர்ஸ்’ ஏட்டுடன் கலந்தது. பெயர் மாறிற்று, விசாரம் எந்த அளவுக்கு மாறிற்று என்பதை ரொபேட் விட்டாலிஸ் 2015 இல் வெளியிட்ட நூலொன்றில் விரிவாக ஆராய்ந்துள்ளார். ஆபிரிக்காவைப் பங்கு போடும் போட்டியே ஐரோப்பியப் போரின் வேர் என்று டு போய்ஸ் என்னும் கறுப்பின அறிஞர் 1915 இலேயே எழுதினார். அக்கட்டுரையை இத்துறையின் மூலநூல்களுள் ஒன்றாக எண்ணுவோர் நெடுங்காலம் இருக்கவில்லை.

1945 ஆகத்து மாதத்தின் பின் துறையின் நடுப்பொருள் அணுகுண்டு ஆயிற்று. பேர்ணாட் புறோடி தொகுத்த ‘முற்றான ஆயுதம்’ என்ற நூல் 1946 இல் வெளிவந்தது. இதுவரை படைகளின் நோக்கம் போரில் வெல்வது. இனி அது போரைத் தவிர்ப்பதாகவே இருத்தல் வேண்டும் என்று அவர் வாதிட்டார். அறிவார்ந்த கருத்துத்தான். ஆயினும் அக்கருத்தை வளர்த்த இடம் எது என்பது கவனிக்கத்தக்கது. அமெரிக்க ஆகாயப் படையின் பணத்தில் உருவாகி, 1948 இல் தனி நிறுவனமாகிய ‘ராண்ட்’ என்ற ஆய்வுக்கூடத்தின் அறைகளிலேதான் அணுப்போர்ச் சிந்தனையின் பெரும்பகுதி எழுதப்பட்டது. குண்டை வைத்திருப்பவன் பணம் கொடுக்கின்றான். குண்டைப் பற்றிச் சிந்திப்பவன் எழுதுகின்றான். கேட்போர் யார் என்பது சொல்லாமலே விளங்கும்.

அங்கு பணியாற்றிய ஹேர்மன் கான், ‘வெப்ப அணுப்போர் குறித்து’ என்னும் பெருநூலை 1960 இல் வெளியிட்டார். அதிலே ஓர் அட்டவணை உண்டு. இடது புறத்திலே இறந்தோர் தொகை. வலது புறத்திலே பொருளாதாரம் மீள்வதற்கு வேண்டிய ஆண்டுகள். 20 இலட்சம் பேர் இறந்தால் ஓர் ஆண்டு. 1 கோடி பேர் இறந்தால் 5 ஆண்டுகள். 16 கோடி பேர் இறந்தால் 100 ஆண்டுகள். இவை யாவும் துயரமானவைதான். ஆனால் ஒன்றிலிருந்து ஒன்று வேறுபிரித்து அறியத்தக்கவை என்பது அவருடைய வாதம். உயிர் தப்பியோர் இறந்தோரைப் பார்த்துப் பொறாமைப்படுவரோ என்ற கேள்வியையும் அவர் எழுப்பி, இல்லை என்று விடை கூறினார். 1961 இல் ‘சயன்டிபிக் அமெரிக்கன்’ ஏட்டில் ஜேம்ஸ் நியூமன் இந்நூலுக்கு எழுதிய மதிப்புரை, விமர்சனம் என்பது சமூகக் கடமையாகும்போது எவ்வாறு இருக்கும் என்பதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. இப்படியொரு ஆசிரியர் உண்மையில் இருக்கின்றாரா என்றே அவர் ஐயுற்றார். பெருங்கொலையை எப்படித் திட்டமிடுவது, எப்படிச் செய்வது, எப்படி நியாயப்படுத்துவது என்று போதிக்கும் நூல் இது என்றார். ஆனால் நூல் நின்றது. அதன் ஆசிரியர் மதிப்புடன் மேற்கோள் காட்டப்பட்டார்.

இவ்விடத்திலே, இதெல்லாம் மேலைநாட்டான் செய்த கொடுமை, நமது மரபு தூயது என்று எவரேனும் மகிழ்ந்தால் அவர் புறப்பொருள் வெண்பாமாலையை ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும். பகைவரின் நாட்டை எரியூட்டுவதற்கு உழபுலவஞ்சி என்றும், அதனைக் கொள்ளையிடுவதற்கு மழபுலவஞ்சி என்றும் துறைப்பெயர் வைத்துப் பிரித்த இலக்கணம் நம்முடையது. எரிந்த வயல் யாருடையது என்று அவ்விலக்கணம் கேட்கவில்லை. அழிவை வகைப்படுத்தி அட்டவணையில் அடக்கும் புலமை எல்லா அரசவைகளிலும் இருந்திருக்கின்றது.

கானை விட நுட்பமானவர் தோமஸ் ஷெல்லிங். அவருடைய ‘மோதலின் தந்திரோபாயம்’ என்ற நூலும் 1960 இலேயே வெளிவந்தது. பகைவர் இருவர் ஒருவரையொருவர் அழிக்க விரும்புவோர் மட்டுமல்லர், பேரம் பேசுவோருங்கூட என்பதை அவர் காட்டினார். 1966 இல் வெளிவந்த நூலிலே, பிறரை நோகச் செய்யும் ஆற்றலே பேரம் பேசும் ஆற்றல் என்ற கருத்தை வளர்த்தார். வட வியட்நாமின் மீது படிப்படியாகக் குண்டு வீசி அதன் தலைமைக்குச் ‘செய்தி’ அனுப்பும் போர்முறை 1965 இல் தொடங்கி நடந்துகொண்டிருந்த காலம் அது. 2005 இல் அவருக்குப் பொருளியலுக்கான நோபெல் நினைவுப் பரிசு கிடைத்தது. ஷெல்லிங்கின் உரைநடை தெளிவானது. அழகானது என்றுங்கூடச் சொல்லலாம். அவரைப் படிக்கும் மாணவன் அறிவு கூர்மையடைவான் என்பதில் நமக்கு ஐயமில்லை. நம் வினா வேறு. குண்டு ஒரு செய்தி என்றால், அதனை அனுப்புபவன் ஒருவன். பெறுபவன் மற்றொரு தலைநகரில் இருப்பவன். அச்செய்தி எழுதப்படும் தாள் எது? தாளுக்கு அக்கூற்றில் இடமில்லை.

இன்றைய முதுமாணி வகுப்புகளிலே மாணவருக்குக் கொடுக்கப்படும் பயிற்சிகளில் ஒன்று, அமைச்சருக்கோ பாதுகாப்பு ஆலோசகருக்கோ கொள்கைக் குறிப்பு எழுதுவது. இன்ன நெருக்கடி தோன்றியுள்ளது. உம் முன்னுள்ள வழிகள் மூன்று. உம் பரிந்துரை யாது? இரண்டு பக்கத்துக்கு மேற் போகலாகாது. சுருங்கச் சொல்லி விளங்க வைக்கும் திறமைக்கு இது நல்ல பயிற்சி. ஆனால் ஓராண்டு முழுவதும் ஆள்பவனின் கதிரைக்கு அருகே நின்று உலகைப் பார்க்கப் பழகிய கண், அக்கதிரை இல்லாத இடத்திலிருந்து பார்ப்பதை மறந்துவிடும். நம்மூர் இளைஞன் எந்த அமைச்சருக்கு எழுதுகின்றான்? வல்லரசொன்றின் அமைச்சருக்கு. அவன் குடியிருந்த கடற்கரை அக்குறிப்பிலே ஒரு ‘பிரதேசம்’ ஆகின்றது.

இதனை ஒரு பெண் உள்ளே இருந்து கண்டு எழுதினார். கரோல் கோன் என்ற அமெரிக்க ஆசிரியை, 1984 கோடையில் அணுவாயுதம் பற்றிய இரு வாரப் பயிலரங்கொன்றில், 48 கல்லூரி ஆசிரியருள் ஒருவராகக் கலந்துகொண்டார். பின்னர் ஓராண்டு அவ்வறிஞர்களிடையே தங்கி அவர்களுடைய பேச்சைக் கற்றார். 1987 இல் வெளியான அவருடைய கட்டுரை மொழி விமர்சனத்திலே ஒரு மைல்கல் எனலாம். அங்கே மக்கள் மடிவது ‘பக்கச் சேதம்’. கதிர்வீச்சுக் குறைந்த குண்டு ‘சுத்தமான குண்டு’. பத்து அணுக்குண்டுகளைத் தாங்கும் ஏவுகணைக்கு இடப்பட்ட பெயர் ‘சமாதானம் காப்போன்’. இவற்றை இடக்கரடக்கல் என்று நாம் இலகுவாகச் சொல்லிவிடலாம். கோன் கண்டது அதனினும் ஆழமானது. அம்மொழியைப் பேசத் தொடங்கியதும் தமது அச்சம் குறைந்து, ஒருவகை உற்சாகமும் தோன்றியதை அவர் உணர்ந்தார். காரணம், அம்மொழியிலே பேசுபவர் எப்போதும் குண்டைப் பயன்படுத்துபவரின் இடத்திலேயே நிற்கின்றார். குண்டு விழும் இடத்தில் நிற்பதற்கு அதிலே சொற்களே இல்லை. ‘சமாதானம்’ என்ற சொல்லுக்கும் அங்கே இடமில்லை. கிட்டிய சொல் ‘தந்திரோபாய உறுதிநிலை’. அது மனிதரின் நிலையைக் குறிக்கவில்லை. ஆயுதங்களின் எண்ணிக்கையைக் குறித்தது.

குண்டு விழுந்த இடத்திலிருந்து பேசியவர்கள் இல்லையா? இருந்தார்கள். அவர்களுடைய சொற்களை எடுத்து, மேற்கூறிய நூல்களின் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே நியாயமான விமர்சனமாகும். பசிபிக் சமுத்திரத்திலே உள்ள மார்ஷல் தீவுகளுக்கு வருவோம்.

1946 பெப்ருவரியிலே, ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலய வழிபாட்டின் பின், அமெரிக்கக் கடற்படைத் தளபதி பென் வையற் பிக்கினித் தீவின் மக்களைச் சந்தித்தார். மனிதகுலத்தின் நன்மைக்காகவும் உலகப் போர்களுக்கு முடிவு கட்டுவதற்காகவும் அவர்கள் தம் தீவைச் சிறிது காலம் விட்டுக் கொடுக்க இயலுமா என்று கேட்டார். அங்கே சோதனை நடத்துவதென வாஷிங்டனிலே முன்பே முடிவு செய்யப்பட்டிருந்தது. கேட்டவர் விடையை அறிந்தே கேட்டார். அச்சந்திப்பு பின்னர் படக்கருவிக்காகத் திரும்பத் திரும்ப நடிக்கப்பட்டது. மார்ச்சில் 167 பேர் றொங்கெறிக் என்ற தீவுக்கு ஏற்றிச் செல்லப்பட்டனர். அங்கே உணவின்றி வாடினர். யூலை 1 ஆந் திகதி முதற்குண்டு வெடித்தது. நான்கு நாள் கழித்துப் பாரிஸ் நகரத்து வடிவமைப்பாளர் ஒருவர் தாம் தைத்த நீச்சலுடைக்குப் ‘பிக்கினி’ என்று பெயரிட்டார். ஒரு மக்களின் ஊர்ப்பெயர் உலகமெங்கும் பரவியும் அம்மக்கள் மறைந்துபோன விந்தையைத் தெரேசியா தெயைவா என்ற பசிபிக் பெண் அறிஞர் 1994 இல் ஆராய்ந்து எழுதினார்.

1947 இல் அத்தீவுகள் ஐக்கிய நாடுகள் சபையின் பொறுப்பாட்சிப் பிரதேசமாக அமெரிக்காவிடம் ஒப்படைக்கப்பட்டன. பொறுப்பாட்சிப் பிரதேசங்களுள் ‘தந்திரோபாயப் பிரதேசம்’ எனப்பட்டது இது ஒன்றே. மக்களின் நிலத்தையும் சுகத்தையும் காப்பது ஆள்வோரின் கடமை என்று ஒப்பந்தம் கூறிற்று. உலக சமாதானத்துக்கும் பாதுகாப்புக்கும் அப்பிரதேசம் தன் பங்கைச் செலுத்த வேண்டும் என்றும் கூறிற்று. இரண்டிலே எது வென்றது என்பதற்கு ஒரு கணக்கே போதும். 1946 முதல் 1958 வரை அங்கே வெடிக்கப்பட்ட அணுகுண்டுகள் 67.

அவற்றுட் பெரியது 1954 மார்ச் 1 ஆந் திகதி பிக்கினியிலே வெடித்தது. அதன் வலிமை 15 மெகாதொன். ஹிரோஷிமாக் குண்டைப்போல ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. எதிர்பார்த்ததை விட இரு மடங்குக்கும் மேல். கிழக்கே இருந்த ரொங்கலாப் தீவிலே வெண்ணிறத் தூள் மழையெனப் பெய்தது. பிள்ளைகள் அதில் விளையாடினர். இரண்டு நாள் கழித்தே அவர்கள் அங்கிருந்து அகற்றப்பட்டனர். அருகே மீன் பிடித்த யப்பானியப் படகொன்றின் 23 தொழிலாளரும் நோயுற்றனர். ஒருவர் செப்டெம்பரில் இறந்தார். ரொங்கலாப் மக்களின் உடல்கள் ஆய்வுப் பொருளாயின. 1957 இல் தீவு பாதுகாப்பானது என்று சொல்லி அவர்களைத் திருப்பி அனுப்பினர். 1985 இலே தங்கள் பிள்ளைகளை எண்ணி அவர்கள் தாமாகவே, கிறீன்பீஸ் இயக்கத்தின் கப்பலில் ஏறித் தீவை விட்டு நீங்கினர்.

நாம் வற்புறுத்த விரும்புவது இதற்கிடையே நிகழ்ந்த ஒன்றை. அக்குண்டு வெடித்து ஐம்பது நாளுக்குள், 1954 ஏப்பிரல் 20 ஆந் திகதி, மார்ஷல் மக்கள் ஐக்கிய நாடுகள் சபைக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பினர். சோதனைகளை உடனே நிறுத்துங்கள் என்று அது கேட்டது. நிறுத்த முடியாதென்றால் எம்மைக் காப்பதற்கு இன்னின்ன செய்யுங்கள் என்றும் கேட்டது. நோயை மட்டும் அது பேசவில்லை. நிலத்தைப் பற்றியும் பேசிற்று. பயிர் வைக்கவும் வீடு கட்டவும் மட்டுமன்றி, தம் உயிரோடு பிணைந்ததாகவே அவர்கள் நிலத்தைக் கண்டனர். அது பறிபோனால் தாமும் போனதாகவே கருதினர். இதனை நம் இலக்கிய மாணவர் கையறுநிலை என்று வகைப்படுத்திவிடலாகாது. அது புலம்பலன்று, வாதம். பாதுகாப்பு என்றால் என்ன, அது யாருக்குரியது, எதனால் ஆனது என்பது பற்றிய ஒரு கொள்கை அதில் உண்டு. அவ்வாண்டு யூலையிலே பொறுப்பாட்சி மன்றம் விடையளித்தது. உலக சமாதானத்தினதும் பாதுகாப்பினதும் நலன் கருதி மேலும் சோதனைகள் அவசியமென ஆள்வோர் கருதினால், மக்களுக்கு மீண்டும் ஆபத்து நேராதவாறு முன்னேற்பாடுகள் செய்துகொள்க என்பதே தீர்மானத்தின் சாரம்.

அதே சொல். வையற் தேவாலயத்தருகே சொன்னது, ஒப்பந்தம் சொன்னது, மன்றம் சொன்னது யாவும் ஒன்றே. மார்ஷல் தீவுகளிலே ‘பாதுகாப்பு’ என்பது அங்குள்ளோரின் வீட்டைப் பறிப்பதற்குப் பயன்பட்ட சொல். புறோடியும் கானும் ஷெல்லிங்கும் அணுகுண்டு 1945 க்குப் பின் பயன்படுத்தப்படவில்லை என்ற அடித்தளத்தின் மேல் நின்று அச்சுறுத்தித் தடுக்கும் கோட்பாட்டைக் கட்டினர். அது 67 தடவை பயன்படுத்தப்பட்டதை ரொங்கலாப் அறியும். ‘சோதனை’ என்ற சொல்லே அந்த 67 ஐ வரலாற்றிலிருந்து கழித்துவிடுகின்றது.

துறைக்குள்ளே மாற்றம் நிகழவில்லை என்று நாம் கூறவில்லை. பாரி பூசான் 1983 இல் வெளியிட்ட நூலிலே, பாதுகாப்பைப் படைபலத்தோடு நிறுத்தாது அரசியல், பொருளாதாரம், சமூகம், சூழல் என விரித்தார். ஸ்டீவன் வால்ட் 1991 இல் அந்த விரிவை எதிர்த்தார். படைபலத்தின் பயன்பாட்டை ஆராய்வதே துறை, நோயையும் சூழல் மாசையும் உள்ளே விட்டால் அதன் ஒழுங்கு குலைந்துவிடும் என்றார். ரொங்கலாப்பிலே படைபலம் எது, நோய் எது, மாசு எது என்று அவர் பிரித்துக் காட்டட்டும். 1994 இல் பாகிஸ்தானியப் பொருளியலறிஞர் மஹ்பூப் உல் ஹக் உருவாக்கிய மனித அபிவிருத்தி அறிக்கை, உணவு, சுகாதாரம், வருமானம் முதலிய ஏழும் பாதுகாப்பே என்றது. (நோயின்மையையும் விளைச்சலையும் காவலோடு சேர்த்து எண்ணிய குறளை நம்மவர் உடனே நினைவூட்டுவர். நினைவூட்டுவதில் தவறில்லை, ஆனால் அத்துடன் நிறைவடைந்து உறங்கிவிடுவது நம்மவரின் பழைய நோய்.) விரிவு நல்லதே. ஆயினும் ‘மனிதப் பாதுகாப்பு’ என்பதையும் கூறுபவர் யார் என்று பார்க்க வேண்டும். உதவி நிறுவனத்தின் அறிக்கையிலே அந்த மனிதன் பெரும்பாலும் படர்க்கையிலேயே வருகின்றான்.

கோப்பன்ஹேகன் அறிஞர் ஓலே வேவரும் பூசானும் 1998 நூலில் ஒரு கூரிய கருத்தை முன்வைத்தனர். பாதுகாப்பு என்பது ஒரு பொருளன்று, ஒரு பேச்சுச் செயல். அதிகாரமுடையவன் ஒன்றை ஆபத்து என்று சொல்லி, கேட்போர் ஏற்றுக்கொண்டால், வழமையான விதிகள் மீறப்படுகின்றன என்றனர். கூற்றையும் கேட்போரையும் பற்றிய நமது கேள்விக்கு மிக அண்மையில் வந்தவர்கள் இவர்களே. ஆனால் பேச முடியாதோர் நிலை என்ன என்று லேன ஹான்சன் 2000 இல் அவர்களை வினவினார். அண்டர்சனின் கதையிலே குரலைப் பறிகொடுத்த கடற்கன்னியை அவர் உவமையாக்கினார். சிறந்த வினா. மார்ஷல் விண்ணப்பமோ அதற்கும் ஒரு படி அப்பாற் செல்கின்றது. அவர்கள் ஊமைகளல்லர். முறைப்படி, எழுத்திலே, உரிய மன்றத்திலே பேசினர். கேட்டவர்களும் கேட்டனர், கேட்ட பின் மறுத்தனர். இதனை விளக்கும் கோட்பாடு ஏகாதிபத்தியத்தின் வரலாற்றைக் கூட்டாது உருவாகாது. பர்க்காவி, லாஃபி என்னும் இருவர் 2006 இல் எழுதிய கட்டுரை இத்துறையின் ஐரோப்பிய மையநோக்கைக் கண்டித்து அவ்வழியைத் திறந்தது. ஆனால் இத்தகைய எழுத்துகளுக்கு ஆண்டின் பிற்பகுதியிலே, ‘விமர்சன அணுகுமுறைகள்’ என்ற தலைப்பின் கீழ் ஒரு வாரத்தை ஒதுக்கிவிட்டு அமைதி காணும் பாடத்திட்டங்களையும் காண்கின்றோம். கொள்கை அவர்களுடையது, அனுபவம் மற்றோருடையது. ஷெல்லிங் ‘கோட்பாடு’, ரொங்கலாப் ‘உதாரணம்’.

முற்போக்காளருக்கும் இவ்விடத்தில் ஒரு சொல் உண்டு. அமெரிக்கக் குண்டைப் பற்றி உரக்கப் பேசியவர்கள் சோவியத் குண்டைப் பற்றி மெல்லப் பேசினர். கசாக்ஸ்தானின் செமிப்பலாட்டின்ஸ்க் வெளியிலே 1949 முதல் 1989 வரை 456 அணுகுண்டுகள் வெடிக்கப்பட்டன. பாட்டாளி அரசின் பாதுகாப்பு என்ற பெயரிலே அப்புல்வெளியின் இடையரும் உழவரும் பட்டது, ரொங்கலாப் பட்டதினின்றும் வேறானதன்று. 1989 பெப்ருவரியிலே ஒல்ஜாஸ் சுலைமேனொவ் என்ற கசாக் கவிஞர் கவிதை வாசிப்பதற்காகத் தொலைக்காட்சிக்கு வந்தார். கவிதையை வைத்துவிட்டு, கதிர்வீச்சுக் கசிவைப் பற்றிப் பேசி, மக்களைக் கூட்டத்துக்கு அழைத்தார். அவர்கள் தொடங்கிய இயக்கத்தின் பெயர் ‘நெவாடா - செமிப்பலாட்டின்ஸ்க்’. அமெரிக்கப் பாலைவனத்தின் சோதனைக் களத்தையும் தங்களுடையதையும் ஒரே பெயரிற் சேர்த்தனர். 1991 ஆகத்து 29 இல் அக்களம் மூடப்பட்டது. இரு வல்லரசுகளும் ஒன்றையொன்று அச்சுறுத்தின என்று பாடநூல் சொல்கின்றது. இருவரும் குண்டு போட்டது தத்தம் ஆட்சியின் கீழிருந்த வலியற்ற மக்களின் நிலத்திலேயே என்பதை அந்த இயக்கத்தின் பெயர் மட்டுமே நான்கு சொற்கூட இல்லாமற் சொல்லிவிட்டது.

நமது நாட்டுக்கும் இவ்வரலாற்றிலே ஒரு பங்குண்டு. இங்கிருந்து செல்லும் மாணவர் அதனை அறியாமற் செல்லலாகாது. அணுவாயுதப் பயன்பாடு சட்டத்துக்கு உகந்ததா என்று சர்வதேச நீதிமன்றம் ஆராய்ந்தபோது, 1995 நவெம்பரிலே ரொங்கலாப்பின் லிஜோன் எக்னிலாங் என்ற பெண் அங்கு சாட்சி சொன்னார். தமக்கும் தம் தோழியருக்கும் நேர்ந்த கருச்சிதைவுகளை, உருவற்றுப் பிறந்த சிசுக்களை அவர் நீதிபதிகள் முன் விவரித்தார். 1996 யூலையில் நீதிமன்றம் தன் கருத்தை வெளியிட்டது. நாட்டின் இருப்பே ஆபத்துக்குள்ளாகும் கடைநிலையில் அணுவாயுதம் சட்டபூர்வமா அன்றா என்று திட்டமாகச் சொல்ல இயலாதென அது ஒதுங்கிற்று. நீதிபதிகள் ஏழுக்கு ஏழாகப் பிரிந்து, தலைவரின் வாக்கினாலேயே அது நிறைவேறிற்று. அந்த ஒதுங்கலை ஏற்காது நீண்ட மாறுபட்ட தீர்ப்பை எழுதியவர்களுள் ஒருவர் இலங்கையரான சி. ஜி. வீரமந்திரி. எந்தச் சூழலிலும் இவ்வாயுதம் சட்டவிரோதமே என்றார். அதற்குச் சட்டநூல்களை மட்டும் அவர் துணைகொள்ளவில்லை. எல்லை மீறிய அழிவைத் தரும் படைக்கலத்தை மறுக்கும் இராமாயண, மகாபாரதச் செய்திகள் முதலாகப் பல பண்பாடுகளின் போர் அறத்தை எடுத்துக் காட்டினார். குண்டு மனித உடலுக்கு என்ன செய்கின்றது என்பதைப் பக்கம் பக்கமாக எழுதினார். கானின் அட்டவணையிலே காணாத உடல் அத்தீர்ப்பிலே இருக்கின்றது. அதற்கு முன்னரும், 1971 டிசெம்பரிலே, இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமாகப் பிரகடனஞ் செய்யும் தீர்மானத்தை ஐக்கிய நாடுகள் சபைக்குக் கொண்டு சென்றது நம் நாடே. ஒரு நாடும் எதிர்த்து வாக்களிக்கவில்லை. வல்லரசுகள் வாக்களியாது ஒதுங்கின. அதே ஆண்டுகளிலேதான் டியேகோ கார்சியாவிலே தளம் அமைப்பதற்காகச் சாகோஸ் தீவினர் தம் ஊரிலிருந்து வெளியேற்றப்பட்டுக்கொண்டிருந்தனர். அங்கேயும் சொல்லப்பட்ட காரணம் பாதுகாப்பு.

மார்ஷல் தீவுகளின் அரசு 2014 ஏப்பிரலிலே அணுவாயுதம் வைத்திருக்கும் ஒன்பது நாடுகளுக்கும் எதிராக அதே நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. அப்போதைய வெளிநாட்டமைச்சர் டொனி டெபுரூம், 1954 இலே ஒன்பது வயதுச் சிறுவனாக அக்குண்டின் ஒளியைக் கண்டவர். 2016 ஒக்டோபரிலே, தீர்ப்பதற்குரிய ‘பிணக்கு’ ஒன்று நிலவியதாகத் தெரியவில்லை என்று கூறி நீதிமன்றம் வழக்கைத் தள்ளிற்று. பிரித்தானியாவுக்கு எதிரான வழக்கிலே வாக்குகள் எட்டுக்கு எட்டு. மீண்டும் தலைவரின் வாக்கே முடிவு செய்தது. அத்தீவின் கவிஞர் கதி ஜெற்னில் கிஜினர் 2018 இல், கதிர்வீச்சுக் கழிவைப் புதைத்து மேலே சீமெந்துக் கவிகை மூடிய றுனிற் தீவுக்குச் சென்று அங்கே நின்று தம் கவிதையை வாசித்தார்.

ஆகவே, இப்படிப்புக்குப் போகும் மாணவருக்குப் போகாதே என்று நாம் சொல்லமாட்டோம். கானையும் ஷெல்லிங்கையும் வால்டையும் ஊன்றிப் படிக்கட்டும். நம்மை ஆள்வோரும் நம்மைச் சூழ நிற்கும் வல்லரசுகளின் ஆலோசகர்களும் அந்நூல்களிலேதான் பயின்றிருக்கின்றனர். ஒவ்வொரு நூலின் ஓரத்திலும், சங்கப் பாடலின் கீழே இருப்பதுபோல, இன்னார் கூற்று, இன்னாரிடம் கூறியது, இச்சந்தர்ப்பத்திற் கூறியது என்று பென்சிலால் எழுதி வைக்கட்டும். ஆய்வுக்கட்டுரைக்குத் தலைப்புத் தேடும்போது 1954 விண்ணப்பத்தை உதாரணமாக அன்றிக் கோட்பாடாக எடுத்து வாதிட்டுப் பார்க்கட்டும். மேற்பார்வையாளர் தடுத்தால், ஏன் தடுக்கின்றார் என்பதையும் எழுதட்டும்.

போகாது இங்கே இருக்கும் நமக்கும் ஒரு வேலை உண்டு. மார்ஷல் விண்ணப்பம் சில பக்கங்களே கொண்டது. வீரமந்திரியின் தீர்ப்பு நீண்டது. ஆனால் குண்டின் விளைவுகளைக் கூறும் பகுதியையும் பண்பாடுகளின் போர் அறத்தைக் கூறும் பகுதியையும் மட்டும் பிரித்தெடுக்கலாம். ஆங்கிலமும் தமிழும் அறிந்த நான்கைந்து ஆசிரியர் கூடினால் ஓர் ஓகத்து விடுமுறையிலே அவற்றைத் தமிழாக்கி, உயர்தர வகுப்பு அரசறிவியல் மாணவர் கையிலே கொடுத்துவிடலாம். முன்வருவோர் இவ்வேட்டின் முகவரிக்கு எழுதலாம்.